இல்லமும் மின்கணக்கும்

முன்னுரை

பொருளை ஈட்டுதல் ஒரு திறன். ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிய திறன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகியவை தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். தோல் பதனிடும் ஆலைகளில் டிரம் சுழலும் ஒவ்வொரு மணிக்கும் மின்செலவு உண்டு; அது தோலின் அடக்க விலையில் சேர்க்கப்படுகிறது. அவ்வாலைகளில் உழைப்போரின் இல்லங்களிலோ, கட்டணத் தொகை வந்த பின்னரே மின்சாரம் நினைவுக்கு வருகிறது. இல்லத்தரசியரும் மாணவரும் தாமே போட்டுப் பார்க்கத்தக்க எளிய கணக்கொன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூனிட் என்பது யாது?

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் அறுபது நாளில் 18 யூனிட் ஆகும். ஏறத்தாழ அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு மூன்று யூனிட் கூட ஆகாது.

ஐந்நூறு என்னும் எல்லை

தமிழகத்தில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையைச் சான்றாகக் கொள்வோம். இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.25, அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு ரூ.4.50, இறுதி 100 யூனிட்டுக்கு ரூ.6.00 வீதம் கட்டணம். ஆகவே 500 யூனிட்டுக்குச் செலுத்த வேண்டியது ரூ.1,725.

பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் ரூ.2.25 என்னும் சலுகை விகிதம் அறவே நீங்கிவிடும். 101 முதல் 400 வரை ரூ.4.50, அடுத்த நூற்றுக்கு ரூ.6.00, அதற்கடுத்த நூற்றுக்கு ரூ.8.00 எனக் கணக்கு மாறும். அவ்வாறாயின் 501 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ.1,958. அந்த ஒரே யூனிட்டின் விலை ரூ.233! 2024 ஜூலையில் விகிதங்கள் மேலும் உயர்ந்தன. ஐந்நூறு என்னும் எல்லை மட்டும் அவ்வாறே நின்றது.

ஒரு மின்விசிறியின் கதை

பழைய வகை மின்விசிறிக்கு ஏறத்தாழ 75 வாட் தேவை, பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், இரு மாதத்தில் முன்னது 54 யூனிட்டும் பின்னது 22 யூனிட்டும் கொள்ளும். 530 யூனிட் செலவிடும் இல்லம் ஒரு விசிறியை மாற்றினால் 498-க்கு இறங்கும். மேற்கூறிய அட்டவணைப்படி ரூ.2,190 என்பது ரூ.1,713 ஆகும், மிச்சம் ரூ.477. ஆயின் 300 யூனிட் மட்டுமே செலவிடும் இல்லத்துக்கு அதே மாற்றத்தால் கிட்டுவது ரூ.144 தான். அவ்வில்லத்தார் நன்றாக ஓடும் விசிறியைக் கழற்ற வேண்டியதில்லை. பழுதுறும்போது மாற்றினால் போதும். எனவே சிக்கனத்தின் முதற்படி கருவி வாங்குதலன்று; தம் கணக்கைத் தாம் அறிதலே.

கவனிக்க வேண்டியவை

பாலாறு வறண்டு கிடக்கும் காலங்களில் நம் இல்லங்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ளன. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். தொட்டி நிரம்பி வழியும்போது நீரும் மின்சாரமும் ஒருங்கே வீணாகின்றன.

குளிர்சாதனம் உள்ளோர் அதனை 24 பாகையில் வைத்து, விசிறியையும் மெல்லச் சுழலவிடலாம். 2020 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் இயல்பாகவே 24 பாகையில் தொடங்க வேண்டும் என்பது மைய அரசின் விதி. மொட்டை மாடியில் வெண்சுண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பியனுப்பப்படும். கீழறையின் வெப்பம் தணியும்.

முடிவுரை

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் இம்மண்ணில், முதியோரும் குழந்தைகளும் உறங்கும் அறையின் விசிறியை நிறுத்துவது சிக்கனமாகாது. ஆளில்லா அறையில் சுழலும் விசிறியையும், வழியும் தொட்டியையும் நிறுத்துவதே சிக்கனம்.

மாணவச் செல்வங்களே! கணக்கெடுப்பு முடிந்த நாளின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் மின் அளவியைப் பார்த்து எழுதுங்கள். முப்பதாம் நாளில் 250 யூனிட்டைத் தாண்டியிருப்பின் பெற்றோர்க்கு எடுத்துரையுங்கள். சஹர் வேளைக்கு இல்லமெல்லாம் விழித்திருக்கும் ரமலான் மாதத்தில் சற்று முன்னரே பாருங்கள். அறுபது நாள் கழித்து வருந்துவதினும் முப்பதாம் நாளில் விழித்துக்கொள்வது நன்று.