கடைசி வீட்டைப் பார்த்த பிறகே கணக்கை மூடுங்கள்
ஒலக்கூர் வட்டாரத்தின் இளம் நிவாரணத் தொண்டர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே,

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டவர் திரும்பக் கிடைத்ததும் நம் பிள்ளைகளின் கைப்பேசிகள் ஓயாமல் அடித்தன. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, துபாயில் இருக்கும் அண்ணன், புதுச்சேரி வழியில் பிரான்சுக்குப் போய்விட்ட உறவுக்காரர் என எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்ன வேணும்? எவ்வளவு அனுப்பட்டும்?"

நல்ல மனத்தோடு கேட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை. அடுத்த மழைக்குள் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2004 சுனாமியின்போது மரக்காணம் கரையில் மூட்டை தூக்கத் தொடங்கியவன் நான். இத்தனை ஆண்டுகளில் கற்றது இதுதான்: உதவி கடல் தாண்டி வந்துவிடுகிறது; ஊருக்குள் வந்தபின் கடைசி அரை மைலில்தான் நின்றுபோகிறது. அந்த அரை மைல் உங்களுடையது.

1. மழைக்கு முன்பே பட்டியல் எழுதுங்கள்.

வெள்ளம் வந்தபின் எழுதும் பட்டியலில் சத்தம் போடத் தெரிந்தவர் பெயர்தான் முதலில் ஏறும். ஆகவே புரட்டாசியிலேயே நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, படுக்கையில் கிடக்கும் பெரியவர் உண்டா, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர் யார், ஆடு மாடு எத்தனை என்று எழுதுங்கள்.

ரேஷன் அட்டையைப் பார்த்து எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அரசு அறிவித்த 2,000 ரூபாய் குடும்ப அட்டையை வைத்தே கொடுக்கப்பட்டது. அட்டை உள்ளவருக்கு அது பெரிய ஆறுதல். நம் பகுதியின் இருளர் குடும்பங்களில் பலவற்றுக்குப் பட்டாவும் கிடையாது, அட்டையும் கிடையாது. அவர்கள் குடிசை இருப்பதோ ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். 2015 வெள்ளத்தில் நான் அரசுப் பட்டியலையே படியெடுத்துக்கொண்டு அரிசி கொடுத்தேன். மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்து, "எங்க பக்கம் யாருமே வரலியே சாமி" என்று கேட்டார். ஏரிக்கரையில் பதினோரு குடும்பம். என் தாளில் ஒரு பெயரும் இல்லை. அன்றிலிருந்து என் பட்டியல் கடைசி வீட்டில் தொடங்கி ஊர் நடுவுக்கு வருகிறது. உங்களுடையதும் அப்படியே இருக்கட்டும்.

2. எண்ணிக் கேளுங்கள், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"எதாவது அனுப்புங்க" என்றால் எதாவதுதான் வரும். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுவதும் பழந்துணி மலையாகக் குவிந்தது. கம்பளிச் சட்டைகளும் குளிர்நாட்டுக் கோட்டுகளும் அதில் கிடந்தன. சேலை கட்டும் பெண்களுக்கு, கையில் தண்ணீர்க் குடம்கூட இல்லாத நேரத்தில், அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவற்றை அகற்றவே ஆளும் வண்டியும் வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "12 அடிக்கு 15 அடி தார்ப்பாய் 60, மூடியுள்ள 20 லிட்டர் குடம் 120, பாய் 200, மாதவிடாய்க்கால நாப்கின் 300 பாக்கெட், பிளீச்சிங் பவுடர் 2 மூட்டை." திண்டிவனத்தில் கிடைக்கும் பொருளுக்கு வெளிநாட்டுப் பார்சல் வேண்டாம். அரிசியை இங்கேயே வாங்கினால் கூலி மிச்சம், நாள் மிச்சம், வெள்ளத்தில் நொடிந்த நம் கடைக்காரருக்கும் வியாபாரம். மறுக்கும்போது மரியாதையாக, காரணத்தோடு மறுங்கள். கொடுக்க வந்தவரின் மனம் நோகாது.

3. சட்டம் தெரியாமல் வெளிநாட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்.

நல்ல பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். இதன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்கக் கூடாது. பொருளும் இதில் அடங்கும். உங்கள் இளைஞர் மன்றத்துக்கும் கோயில் குழுவுக்கும் இது பொருந்தும்.

யார் வெளிநாட்டு மூலம்? துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அதே தொகையை மன்றத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்களாக இருக்கலாம். சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. ஒருவர் தன் சொந்தக்காரருக்கு அனுப்புவது வேறு கணக்கு. 2022 முதல், உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பெறுபவர் அரசுக்குத் தகவல் தரத் தேவையில்லை. ஆனால் குடும்பத்துக்கு என்று வாங்கி ஊருக்குப் பங்கிடும் குறுக்குவழியில் இறங்காதீர்கள். பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

2020 திருத்தத்துக்குப் பின் மூன்று கட்டுப்பாடுகள் வந்தன. பதிவு பெற்ற அமைப்பும் வெளிநாட்டுப் பணத்தை முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. ஆகவே சென்னையில் உள்ள பதிவு பெற்ற நிறுவனம் உங்கள் மன்றத்தின் கணக்கில் பணம் போட முடியாது. அவர்களே வாங்கி, அவர்களே பில் வைத்து, அவர்களே பங்கிட வேண்டும். நீங்கள் தரக்கூடியவை பட்டியல், வழி, ஆள்பலம் ஆகிய மூன்றும்தான். அவை பணத்துக்குக் குறைந்தவை அல்ல.

4. நாட்டின் கொள்கையை அறிந்து பேசுங்கள்.

2004 சுனாமியின்போது வெளிநாட்டு அரசுகளின் உடனடி உதவி தேவையில்லை என்று இந்தியா சொன்னது; இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. 2018 கேரள வெள்ளத்திலும் வெளிநாட்டு அரசுகளின் பண உதவியை ஏற்கவில்லை. அப்போதுகூட வெளிநாடுவாழ் இந்தியர்களும் அறக்கட்டளைகளும் நிவாரண நிதிகளுக்குத் தருவதை வரவேற்றது. எனவே எந்தத் தூதரகத்துக்கும் ஊர்க் குழுவின் பெயரில் கடிதம் எழுதாதீர்கள். பெரிய தொகை மேல்மட்டத்தில் பேசி முடிவாக நாளாகும். ஃபெஞ்சலின்போது மாநிலம் உடனடியாகக் கேட்டது 2,000 கோடி ரூபாய். டிசம்பர் 6 அன்று மத்திய அரசு பேரிடர் நிதியின் பங்காக 944.80 கோடியை விடுவித்தது. அந்த இடைநாள்களில் ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது, எங்கே படுத்தது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

5. ஒரே மேசையில் உட்காருங்கள்.

நாகப்பட்டினத்தைப் பாருங்கள். சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அது. உலகமெங்குமிருந்து நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கின. ஒரே ஊருக்கு நாலு லாரி, அடுத்த ஊருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை. அப்போது சினேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார், என்ன குறைகிறது என்பது ஒரே இடத்தில் தெரிந்தது. அப்படியும் தப்பு நடக்காமல் இல்லை. படகு கொடுக்கப் பலர் முந்தியதால் கடற்கரையில் பல இடங்களில் முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. படகில்லாத கூலிக்காரரும் மீன் விற்கும் பெண்களும் பின்தங்கினார்கள்.

உலக அளவிலும் இந்தப் பாடம் கற்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2005 முதல் தண்ணீருக்கு ஒரு பொறுப்பாளர், தங்குமிடத்துக்கு ஒருவர், உடல்நலத்துக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டது. நம் ஒலக்கூருக்கும் அதுவே போதும். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை போடுங்கள். வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், செவிலியர், தலைமையாசிரியர், மகளிர் குழுவில் ஒருவர், இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர், உங்களில் ஒருவர் என்று தினமும் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் உட்காருங்கள். திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அன்றன்று ஒரு தாள் போகட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டும் எல்லாக் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

6. தண்ணீரும் கழிப்பறையும் முதலில்.

சோறு எப்படியும் வந்துவிடும். நம் சனங்கள் அடுத்தவரைப் பசியோடு விடமாட்டார்கள். நோய் வருவது தண்ணீரால். உலகம் முழுவதும் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு சொல்லும் அளவு இது: ஒருவருக்கு ஒரு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குவதற்கு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் தங்கலாம் என்று அர்த்தம். முகாமில் 200 பேர் என்றால் 3,000 லிட்டர் தண்ணீர், 10 கழிப்பறை. பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் வெளியே விளக்கும் இல்லையென்றால் அவர்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். வெள்ளத்தில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

7. மருந்திலும் பால் பவுடரிலும் கண்டிப்பாக இருங்கள்.

சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் மேல் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழி. சுமார் 600 டன்னைச் செலவு செய்து அழிக்க வேண்டியதாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிப்படி, வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும். எந்த மருந்துப் பெட்டியையும் நீங்கள் பிரிக்காதீர்கள்; மருத்துவ அலுவலரிடம் ஒப்படையுங்கள்.

குழந்தைப் பால் பவுடரை இலவசமாகப் பங்கிடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் கரைத்த பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத் தரும், தாய்ப்பாலும் குறைந்துவிடும். இத்தகைய இலவசங்களை நம் நாட்டின் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தாய்க்குச் சோறும் மறைவிடமும் கொடுங்கள்; குழந்தை பிழைத்துக்கொள்ளும். தாயில்லாக் குழந்தை இருந்தால் செவிலியர் முடிவு செய்யட்டும்.

8. கொடுக்கும் கை தாழ்ந்திருக்கட்டும்.

லாரி மேலே நின்று பொட்டலம் வீசாதீர்கள். முந்துபவருக்குத்தான் அது கிடைக்கும். முதல் நாளே டோக்கன் கொடுத்து, பெயர் சொல்லி அழைத்து, கையில் கொடுங்கள். காலனிக்குத் தனி நாள், ஊருக்குத் தனி நாள் என்று பிரிக்காதீர்கள். வெள்ளம் அப்படிப் பிரிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் படம் கேட்பார். மூட்டையைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள். நனைந்த சேலையோடு வரிசையில் நிற்கும் தாயின் முகத்தை எடுத்து அனுப்பாதீர்கள்.

9. கணக்கை ஊர் நடுவில் ஒட்டுங்கள்.

வந்தது எவ்வளவு, யாரிடமிருந்து, என்ன வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம், மீதி என்ன: இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவருக்கு அனுப்பும் கணக்கும் சுவரில் ஒட்டும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் அடுத்த வெள்ளத்தில் உங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள். இரக்கம் உள்ளவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கணக்கு வைக்கத் தெரிந்த இரக்கம்தான் குறைவு.

10. வாங்கியவர்கள் கொடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 28 அன்று டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. தேயிலைத் தோட்டத்து நம் மலையகத் தமிழரும் அதில் சிக்கினார்கள். இந்தியா 'சாகர் பந்து' என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலும் உதவி அனுப்பியது. தமிழ்நாட்டிலிருந்தும் நிவாரணப் பொருள்கள் கப்பலேறின. அப்போது நம் பிள்ளைகள் சிலர் பழந்துணி சேர்க்கக் கிளம்பினார்கள். நான் தடுத்தேன். நமக்கு வந்த கம்பளிச் சட்டையை நாம் மறந்துவிடலாமா? அங்குள்ளவரிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் சொல்வதை மட்டும் அனுப்புங்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில் பெயர் எழுதுங்கள்.

பிள்ளைகளே, ஏரி நிரம்பும் மாதம் ஆண்டுதோறும் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்து போங்கள். கடைசிக் குடிசையின் முன் நின்று, உள்ளே இருப்பவரின் பெயரைக் கேட்டு, முதல் வரியில் எழுதுங்கள்.