மறைசாட்சிகளின் ஏடுகளைப் படிக்கத் தொடங்கும்போது

அன்புள்ள தம்பிக்கு,

ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் மறைசாட்சிகளைப் பற்றி விட்டுச்சென்ற எழுத்துகள் பல வகைப்பட்டவை. நீதிமன்ற விசாரணைக் குறிப்பு, ஒரு சபை மற்றொரு சபைக்கு எழுதிய கடிதம், சிறைக் குறிப்பு, திருநாள் மறையுரை, நூற்றாண்டுகள் கழித்துப் புனைந்த வரலாறு எல்லாம் அதில் அடக்கம். படிக்கும் பகுதியை யார் எழுதினார், எப்போது, யார் கேட்பதற்காக என்பதை முதலில் கேட்க வேண்டும். நடந்ததா இல்லையா என்ற விசாரணை அதன் பிறகுதான் பயன் தரும்.

தொடங்குவதற்கு ஏற்றது சில்லியம் ஊர் மறைசாட்சிகளின் ஏடு. கி.பி. 180 ஜூலை 17 அன்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், ஆளுநர் சத்தூர்னினுஸ் முன் நடந்த விசாரணை அது. இலத்தீன் மொழியில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்று. ஓரிரு பக்கங்களுக்குள் கேள்வி, பதில், தீர்ப்பு, முடிந்தது. பையில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்கிறார். நூல்களும் பவுலின் கடிதங்களும் என்கிறார் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ். யோசித்துச் சொல்ல 30 நாள் தவணை தரப்படுகிறது, அதையும் மறுத்துவிடுகிறார்கள். அற்புதமோ வர்ணனையோ கிடையாது. இந்த வறண்ட நடை காதில் பதிந்துவிட்டால், பிற்காலத்தவர் பூசிய நிறங்கள் தாமே தெரியத் தொடங்கும்.

அடுத்துப் படிக்க வேண்டியது பெர்பேத்துவா, பெலிசித்தா ஆகியோரின் ஏடு. அவசரமில்லாமல் வாரக்கணக்கில் படிக்கத் தகுந்த நூல் இது. 203-இல் அதே கார்த்தேஜில் விலங்குகளின் முன் தள்ளப்பட்ட பெர்பேத்துவாவுக்கு வயது சுமார் 22. கையில் பால்குடிப் பிள்ளை. நூலின் நடுப்பகுதி அவரே எழுதியது என்று தொகுப்பாளர் அறிவிக்கிறார். உடன் சிறையிருந்த சாத்தூருஸ் கண்ட காட்சி தனிப் பகுதி. முன்னுரையும் அரங்கக் காட்சியும் தொகுப்பாளருடையவை. ஆக மூன்று குரல்கள், மூன்று நடைகள். பெர்பேத்துவாவின் வாக்கியங்கள் சிறியவை. நரைத்த தலையைக் காட்டிக் கெஞ்சும் தகப்பன், சிறையின் இருட்டு, தீர்ப்புக்குப் பின் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பத் தகப்பன் மறுத்தது, அதற்குப் பிறகும் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்காதது என்று ஒரு தாய் கவனிக்கும் விவரங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. வானம் வரை நிற்கும் வெண்கல ஏணியையும், அதன் இருபுறமும் வாள்களும் கொக்கிகளும் தொங்குவதையும், அடியில் பெரும்பாம்பு படுத்திருப்பதையும் அவர் கனவில் காண்கிறார். தொகுப்பாளரோ திருச்சபைக்குப் பாடம் சொல்லும் குரலில் பேசுகிறார். அடிமைப் பெண்ணான பெலிசித்தா எட்டாம் மாதத்திலேயே சிறையில் பிள்ளை பெற்ற செய்தி அவர் வழியாகத்தான் வருகிறது.

இந்த ஏட்டில் பெர்பேத்துவாவின் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னால் இதைச் சுருக்கி எழுதியவர்களுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. அவர்கள் கணவரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு சாட்சியம் எப்படிக் கதையாகிறது என்பது கண்முன் தெரியும். அறிமுக நூல் பத்துப் படித்தாலும் இந்தத் தெளிவு கிடைப்பது அரிது.

சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பின் சாவைப் பற்றி அந்நகர்ச் சபை பிலோமேலியம் சபைக்கு எழுதிய கடிதமும் இதே பாடத்தைத் தரும். கையெழுத்துப் பிரதிகளில், அவரைக் குத்தியவுடன் உடலிலிருந்து ஒரு புறா வெளிவருகிறது. நான்காம் நூற்றாண்டில் எவுசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தெழுதிய வடிவத்தில் புறா இல்லை. பின்னால் நுழைந்ததா, அவர் விட்டுவிட்டாரா என்பதைப் படிப்பவர் தாமே எடைபோட்டுப் பார்க்கலாம். எவுசேபியுஸ் புறாவை அறியவில்லை என்பதே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

வெளியாரின் ஆவணங்களை ஒதுக்கக் கூடாது. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று சுமார் 112-இல் பித்தினியாவிலிருந்து ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் முதன்மையானது. அடுத்தவை 250-இல் பேரரசர் தேசியுஸ் ஆணைப்படி எகிப்தில் எழுதப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள். பலியிட்டேன், பானம் வார்த்தேன், பலியுணவைச் சுவைத்தேன் என்று ஊரார் அதிகாரிகள் முன் எழுதிக்கொடுத்த இச்சிறு தாள்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. ஆணைக்குப் பணிந்து உயிர் பிழைத்தவர்களின் பக்கத்தையும் இவற்றால் அறியலாம்.

பிற்காலப் புனைவுகளுக்கு வழிகாட்டிகள் பொலாந்தியர் எனப்படும் இயேசு சபை அறிஞர்கள். 1643 முதல் அவர்கள் புனிதர் வரலாறுகளைத் திருநாள் வரிசையில் பதிப்பித்தார்கள். அவர்களுள் ஹிப்போலித் தெலஹாய் 1905-இல் வெளியிட்ட புனிதர் கதைகள் பற்றிய நூல் இன்றும் தவிர்க்க முடியாதது. பெயர், அடக்க இடம், திருநாள் தேதி ஆகியவை பழைய சான்றுகளில் உறுதியாக இருந்தால் அந்தப் புனிதர் வாழ்ந்தவரே, அவர் மீது ஏறிய கதை எவ்வளவு பொய்யானாலும் சரி என்பது அவருடைய அணுகுமுறை. கதை விழுந்தால் ஆளும் விழுவார் என்று பதறுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பொய்க் கதையும் வீணல்ல. அதை எழுதிய காலத்தவர் எதற்கு அஞ்சினர், எதை வேண்டினர் என்பதற்கு அதுவே முதல் சான்று.

மயிலாப்பூர் மரபு தன்னோடு இணைத்துப் பேசும் திருத்தூதர் தோமாவைப் பற்றிய ‘தோமாவின் பணிகள்’ என்ற நூலையும் இப்படித்தான் அணுக வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழிச் சூழலில் எழுந்த நூல் அது. அதில் வரும் குண்டபர் மன்னன் வடமேற்கில் ஆண்டது நாணயங்களால் உறுதியாகிறது. மயிலாப்பூரின் பெயர் அதில் இல்லை. நூல் சொல்வதையும் மயிலாப்பூர் மரபு சொல்வதையும் தனித்தனியே குறித்துக்கொண்டு படிப்பதே நேர்மை.

இவற்றை மூலத்திலேயே படிக்க மொழி கற்பதானால், இலத்தீன் முதலில், கிரேக்கம் அடுத்து, சிரியாக் பிறகு. அதுவரை ஹெர்பர்ட் முசுரில்லோவின் 1972-ஆம் ஆண்டுப் பதிப்பு போதும். 28 ஏடுகளின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன.

அன்புடன்,
அண்ணன்