கட்டிலிலிருந்து தெருவரை: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற வீடும் ஊரும்

பக்கவாதம் கண்டவர், இடுப்பெலும்பு முறிந்தவர், சர்க்கரை நோயினால் காலை இழந்தவர் ஆகியோர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், குடும்பத்தார் மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் பல ஐயங்களைக் கேட்டுத் தெளிகின்றனர். வீட்டு வாசலில் எத்தனை படிகள், கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று நாங்கள் வினவும்போதுதான் அவற்றைப் பலர் முதன்முறையாக எண்ணிப் பார்க்கின்றனர். சிகிச்சையால் மீண்ட உயிர் பின்னர் எவ்வாறு வாழும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அந்தப் படியும் அந்தக் கதவுமே ஆகும். ஆகவே இவ்விதழில் வீட்டையும் ஊரையும் பாடமாகக் கொள்கிறோம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். வயது கூடும்போது பார்வை மங்கும், மூட்டு தேயும், கால் தடுமாறும். கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கின்றனர் என்றும், அவ்வாறு இறப்போருள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே மாற்றுத்திறனாளிக்காகக் கட்டப்படும் வீடு அவருக்கு மட்டும் உரியதன்று. நெடுநாள் வாழும் எவருக்கும் அது ஒருநாள் தேவைப்படும்.

வெள்ளமும் படியும்

கோலியனூர் வட்டாரத்தில் வீடு கட்டுவோர் முதலில் எண்ணுவது வெள்ளத்தையே. அதில் பிழையில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து வந்த நாள்களில் தென்பெண்ணையாறும் பெருக்கெடுத்து ஊர்களைச் சூழ்ந்தது. மேலும், பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மீதே புதிய சாலை போடுவதால் தெருக்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. தெரு உயர உயர, நாம் பேஸ்மட்டம் என்று சொல்லும் அடிமட்டத்தையும் உயர்த்துகிறோம். தண்ணீர் வெளியே நின்றுவிடும். ஆனால் நடக்க இயலாத தாயோ தந்தையோ உள்ளேயே நின்றுவிடுகின்றனர்.

இதற்கு விடை சாய்தளம். அதன் கணக்கு எளிது: ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டடி அடிமட்டத்திற்கு 24 அடி நீளமும் நான்கடி அகலமும் தேவை. இதனை அறியாமல், கட்டி முடித்த படிகளின்மீது நாலைந்து அடி நீளத்திற்குச் சிமெண்டைச் சரித்துப் பூசிவிடுகின்றனர். அச்சரிவில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்றவும் முடியாது. இறக்கும்போது அது கவிழவும் கூடும்.

வீட்டின் முன்புறத்தில் 24 அடி இடம் யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் பக்கவாட்டில் கிடைக்கும். குடிசைகளுக்கு மாற்றாகக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதற்கு அரசு 3.50 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. அவ்வீட்டை 15 அடிக்கு 24 அடி என்று அமைத்தால், அதன் பக்கச் சுவரின் நீளமே 24 அடி. முன்மூலையில் தொடங்கும் சாய்தளம் அச்சுவரை ஒட்டி ஏறிப் பின்புறத்தில் ஐந்தடிச் சதுரமான மேடையில் முடியட்டும். அம்மேடையிலிருந்து ஒருபுறம் பின்வாசலும் மறுபுறம் கழிப்பறையும் ஒரே மட்டத்தில் திறக்குமாறு கட்டினால் இரண்டு தேவைகளும் ஒருசேர நிறைவேறும். 1,300 சதுர அடிக்குச் சற்றே மிகுந்த மூன்று சென்ட் மனையில் இதற்கு இடமுண்டு. ஆயின் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னர் சேர்ப்பதாயின் செலவும் மிகும், இடமும் இராது.

முன்பே கட்டிய வீட்டில் செய்யத்தக்கவை

வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. பின்வரும் மாற்றங்களுள் பெரும்பாலானவற்றை ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் சில நாள்களில் செய்து முடிப்பர்.

கதவு: சக்கர நாற்காலி தடையின்றி நுழைய 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி இடைவெளி வேண்டும். நம் கழிப்பறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடியே. கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க இயலாது. வெளியிலிருந்தும் திறக்கத்தக்க தாழ்ப்பாளே ஏற்றது.

கைப்பிடி: துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. உடலின் முழு எடையையும் தாங்குமாறு செங்கற்சுவரில் ஆழப் பதித்த இரும்புக் குழாயே கைப்பிடி. அதனைக் கழிப்பிருக்கையின் பக்கத்திலும் குளிக்குமிடத்திலும் பொருத்துக. படிகளிலும் சாய்தளத்திலும் 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருபுறமும் கைப்பிடி வேண்டும். பக்கவாதம் கண்டவருக்கு ஒரு கை மட்டுமே உதவுமாதலின், ஏறும்போது பயன்பட்ட பக்கம் இறங்கும்போது பயன்படாது.

இருக்கை: குந்தி அமர இயலாதவருக்கு 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கழிப்பிருக்கை வேண்டும். கட்டிலின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தால் எழுவது எளிது.

தரையும் ஒளியும்: வழுக்கும் ஓடுகளை மாற்றுக, அன்றேல் சொரசொரப்பான விரிப்பைத் தரையோடு ஒட்டுக. படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டினால் பார்வை மங்கியவர் படியைக் கண்டுகொள்வர். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுதும் சிறுவிளக்கு எரியட்டும்.

வீடு மட்டும் போதாது

வீட்டைச் செம்மை செய்தபின் தெரு தடுக்கலாம். மூடாத சாக்கடையைத் தாண்ட முடியாதவர், நியாயவிலைக் கடைக்கும் கூட்ரோட்டுப் பேருந்து நிறுத்தத்திற்கும் கோயிலுக்கும் போக முடியாதவரே. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைப் பொருள்களை வீட்டிற்கே கொண்டுவருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. இவை பேருதவிகள். எனினும், எல்லாம் வீட்டிற்கே வந்துவிடுகின்றன என்று ஒருவரை வீட்டினுள்ளேயே இருத்திவிட்டால் தசை தளர்கிறது, பேச்சுத் துணை குறைகிறது, மனம் சோர்கிறது. நாள்தோறும் தெருமுனைவரை சென்று நாலு பேரோடு பேசி வருவதும் சிகிச்சையே.

இதனை உணர்ந்து உருவான ஊர் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், ஆதரவற்ற முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை ஏற்படுத்தியது. பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போடாமல், ஏறத்தாழ நூறு முதியோர் சிறு வீடுகளில் அண்டை அயலாராக வாழும் ஊராகவே அதனை அமைத்தனர். முதியவருக்குக் கூரை மட்டும் போதாது. கூப்பிடு தொலைவில் ஓர் அயலாரும் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்க வேண்டியது. நம் தெருக்களில் அயலார் முன்பே இருக்கின்றனர். அவர்களிடம் செல்லும் வழியைத்தான் நாம் செப்பனிட வேண்டும்.

உரிமையாகக் கேட்கத்தக்கவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடையோருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. அதில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. பேரிடர்க் காலத்தில் காப்பதற்காக, மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிந்து வைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. உங்கள் இல்லத்தவர் பெயர் அப்பதிவில் உள்ளதா என்று கேளுங்கள். அத்துடன், வெள்ளம் வரும் இரவில் அவரைத் தூக்கிச் செல்ல உறுதியளித்த இரண்டு அயலாரின் பெயர்களையும் இன்றே எழுதிவையுங்கள். புயல் அறிவிப்பு வந்தபின் தேடுவது காலந்தாழ்ந்த செயல்.

சாக்கடைக்கு மூடி, தெருவிளக்கு, ஊராட்சி அலுவலகத்திற்கும் நியாயவிலைக் கடைக்கும் சாய்தளம், பழைய சாலையைப் பெயர்த்தபின் புதிய சாலை போடுதல் ஆகியவற்றை முன்வைக்கும் இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. மாற்றுத்திறனாளியையும் முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சபை கூடும் இடத்திற்கு அவரால் வர முடியவில்லையெனில், அதனையே முதல் கோரிக்கையாகப் பதிவு செய்யுங்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு.

நோயாளி வீடு திரும்புவதற்கு மூன்று நாள் முன்பாவது நான்கு அளவுகளை எடுத்து எங்களிடம் கொண்டுவாருங்கள்: வாசற்படிகளின் மொத்த உயரம், வாசற்கதவின் அகலம், கழிப்பறைக் கதவின் அகலம், கட்டிலிலிருந்து கழிப்பறைவரை உள்ள தொலைவு. அவற்றைக் கொண்டு, எதை உடனே மாற்ற வேண்டும், எது பொறுக்கும் என்பதை இயன்முறை மருத்துவரும் நாங்களும் உங்களோடு அமர்ந்து முடிவு செய்வோம்.