கை அளையட்டும்

என் மகளுக்கு இரண்டரை வயதில் தயிர்ச்சோறு விரலில் பட்டாலே அழுகை வந்துவிடும். விரல்களை விரித்து என் முன் நீட்டியபடி நிற்பாள், நான் துடைத்துவிடும் வரை. புல்லில் இறக்கிவிட்டால் காலை மடக்கிக்கொள்வாள். "எவ்வளவு சுத்தமான பிள்ளை!" என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஊட்டும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ப்ரீகேஜி சேர்த்ததும், கிரேயானைப் பிடிக்க விரலில் பலம் போதவில்லை என்றார்கள். எழுதிப் பழகும் புத்தகம் வாங்கித் தினமும் உட்கார வைத்தேன். தினமும் அழுகையில்தான் முடிந்தது.

அந்தக் கோடை விடுமுறைக்கு மானாமதுரையில் அம்மா வீட்டுக்குப் போனோம். கடத்துக்கும் பானைக்கும் பேர்போன ஊர். அம்மா தெரிந்த வேளார் வீட்டிலிருந்து ஓர் உருண்டை களிமண் வாங்கி வந்து, வாசலில் பழைய சாக்கை விரித்துத் தானே பிசைய ஆரம்பித்தார். மகள் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு மெல்ல வந்து ஒரு விரல் நுனியால் தொட்டாள். தொட்ட உடனே என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி, நீ மொகத்தைச் சுளிச்சா பிள்ளை எப்படித் தொடும்?" என்றார் அம்மா.

சுளித்தது எனக்கே தெரியாது. அன்று நானும் புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் அவள் உள்ளங்கையை மண்ணில் அழுத்தி எடுத்து, பதிந்திருந்த ரேகைகளைக் குனிந்து பார்த்தாள். அந்தக் குழியில் டம்ளரால் தண்ணீர் ஊற்றினாள், தேங்கியது. விளிம்பை நகத்தால் கீறினாள், வழிந்தது. ஒரு துண்டு மண்ணைக் கிள்ளி அடைத்தாள், நின்றது. மறுபடி கீறினாள். அரை மணி நேரம் இதே வேலை. எழுதும் புத்தகத்தின் முன் ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை அவள்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். மூன்று வயதில் அவற்றில் இரண்டு மூன்றுதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். மற்றவை பள்ளி வயதில் ஒவ்வொன்றாக உருவாகும். அந்தக் கைக்கு முதலில் வேண்டியது பிசைவதும் பிழிவதும் கிள்ளுவதும். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, பென்சிலுக்கு முன்னால் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் விரல் மணலில்தான் எழுதிப் பழகியது. எல்கேஜி வாசலில் பென்சிலைத் திணிக்கிற நம் அவசரம் எனக்கு இப்போது கொடுமையாகவே படுகிறது.

ஊர் திரும்பியபின் இரண்டு அறை வீட்டில் இதைத் தொடர வழி தேட வேண்டியிருந்தது. குளிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் எங்களுக்குச் சரியாக வந்தது. குளியலறைத் தரையில் ஒரு தாம்பாளம், பழைய சட்டை, அவ்வளவுதான். ஒருநாள் சப்பாத்தி மாவு; ஒருநாள் மஞ்சள் கரைத்த தண்ணீர், அதில் சோப்பு நுரை சேர்ந்ததும் சிவக்கும். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலந்தால், குத்தும்போது கல் போல இறுகும். கையில் எடுத்தால் ஒழுகும். இதை அவள் ஒரு வாரம் விடவில்லை.

தயங்கும் குழந்தையின் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தாதீர்கள். முதலில் கரண்டி கொடுங்கள். அல்லது மாவை ஒரு கெட்டியான கவரில் கட்டி, மேலாக அழுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். வேண்டியபோது கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பிள்ளை அதிக நேரம் உட்காரும். எனக்கு மிகவும் பலித்த வழி இது. "என்ன செஞ்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அவள் எதையும் செய்யவில்லை, அளைகிறாள்.

சிந்திய மாவில் உடனே தண்ணீர் ஊற்றினால் பசையாகிச் சாக்கடையை அடைக்கும். காய்ந்தபின் கூட்டுங்கள். ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்தால் பிள்ளையே பிழிந்து பிழிந்து துடைக்கும், அதுவும் விரலுக்கு வேலை.

எச்சரிக்கைகளை மட்டும் இறுக்கமாகவே சொல்கிறேன். எதையும் வாயில் வைக்கும் வயதில் பச்சை மாவு வேண்டாம், ஆறிய கேழ்வரகுக் கூழ் போதும். மூன்று வயதுக்குள் பயறு, புளியங்கொட்டை வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். தண்ணீரில் ஊதிப் பெருக்கும் கலர் ஜெல் உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். அரை வாளித் தண்ணீரோடுகூடக் குழந்தையைத் தனியே விட்டு எழுந்திருக்கக் கூடாது. மண்ணில் விளையாடினால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், குடற்புழு மாத்திரை தவறக் கூடாது. எதைத் தொட்டாலும் ஓங்கரிப்பது, சட்டைத் தையல் உறுத்துகிறது என்று அலறுவது, முடிவெட்டவே விடாதது எல்லாம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகள் முதலில் தட்டில் தானே பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். கிரேயான் கையில் நிலைக்க ஐந்து மாதம் ஆனது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு கைப்பிடி மாவை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். அது நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருங்கள்.