புதுப் பிட்சரை எடைபோடுவது எப்படி?

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு புதிய பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், களமிறங்கினால், மறுநாள் காலைச் செய்தியில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. 2024 மே 11 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக, சிகாகோ கப்ஸை எதிர்த்து, பால் ஸ்கீன்ஸ் முதன்முதலாகக் களமிறங்கினார். அவருக்குக் கிடைத்த வரி இது: 4 இன்னிங்ஸ், 6 ஹிட், 3 ரன், 2 வாக், 7 ஸ்டிரைக் அவுட். (பேட்டர் அடித்து பேஸ் சேர்ந்தால் அது ஹிட்; ‘பால்’ எனப்படும் நான்கு தப்பிய பந்துகளால் அவருக்கு இலவசமாக பேஸ் கிடைத்தால் வாக்; மூன்று ஸ்டிரைக்கில் வெளியேறினால் ஸ்டிரைக் அவுட்.) அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2023-இல் முதல் ஆளாகத் தேர்வானவர், நாடே எதிர்பார்த்தவர். வரியை மட்டும் படித்தவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று விசாரித்தார்கள்.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் இவ்வளவு தூரம் ஏன்? அந்த வரியில் பிட்சர் செய்ததும், அவருக்கு நேர்ந்ததும் கலந்து கிடக்கின்றன. அவர் கையில் இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால் போதும், எந்தப் புதியவரையும் நியாயமாக எடைபோடலாம். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். ‘பேஸ்பால் சாவன்ட்’ என்ற இலவச இணையதளம் வேண்டும். மேஜர் லீகில் வீசப்படும் ஒவ்வொரு பந்தின் வேகமும் திசையும் அங்கே பதிவாகின்றன. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு அலாரமும் வேண்டும். நியூயார்க்கில் கோடையில் மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை நாலரை.

ஆட்டத்துக்கு முன்

மூன்று விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னென்ன பந்து வீசுகிறார்? ஃபாஸ்ட்பால் என்ற வேகப்பந்து, ஸ்லைடர், கர்வ் என்ற வளையும் பந்துகள், வேகம் குறைத்து வீசும் சேஞ்ச்அப், இவற்றில் எது அவருடைய ஆயுதம்? எதிரணி எப்படிப்பட்டது? மைதானம் எது? டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசு. அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், வீசும் பந்து வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. அங்கே கொடுத்த நான்கு ரன்னையும் கடற்கரை நகரமான சான் டியாகோவில் கொடுத்த நான்கு ரன்னையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

புதியவர் என்பதற்கும் விதி உண்டு. ஒரு பிட்சர் மேஜர் லீகில் 50 இன்னிங்ஸைத் தாண்டாதவரை, அணியின் ஆடும் வீரர் பட்டியலில் 45 நாட்களைக் கடக்காதவரை ரூக்கிதான். வயது கணக்கில் வராது. ஜப்பானில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு வந்தவரும் இங்கே ரூக்கியே.

ஆட்டம் நடக்கும்போது

பந்தைப் பார்க்காதீர்கள், பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், இரண்டு இன்னிங்ஸில் பழகிவிடும். பிட்சர் கையை உயர்த்துவதற்கு முன் கேட்சர் ஓர் இடத்தில் கையுறையைக் காட்டுகிறார். பந்து அங்கேயே வந்து விழுந்தால் கையுறை அசையாது. உள்பக்கம் காட்டிய கையுறை, வெளிப்பக்கம் பாய்ந்து பிடிக்க வேண்டி வந்தால் பிட்சர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. அது ஸ்டிரைக் ஆகவே அமைந்திருந்தாலும் அது தப்பிய பந்துதான். யார்க்கர் போட நினைத்து ஃபுல்டாஸ் போட்டுவிட்டு, மட்டையாளர் தவறவிட்டதால் பிழைத்த கிரிக்கெட் பந்துவீச்சாளரை நமக்குத் தெரியும். இங்கே அந்தப் பிழைப்பைக் காட்டிக்கொடுப்பது கையுறை.

நோட்டில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கோடு போடுங்கள். முதல் பந்து ஸ்டிரைக்கா, பாலா என்று எழுதுங்கள். மேஜர் லீகில் பத்துக்கு ஆறு என்ற அளவில் முதல் பந்து ஸ்டிரைக்காக இருக்கிறது. புதியவர் அதற்குக் கீழே போனால் பேட்டர்கள் காத்திருந்து தங்களுக்குப் பிடித்த ஃபாஸ்ட்பாலை அடிப்பார்கள். அதற்குமேல் போனால் ஆட்டம் அவர் பிடியில்.

அடுத்து, பேட்டர் மட்டையை வீசியும் படாமல் போன பந்துகளை எண்ணுங்கள். ஒரு புதியவரிடம் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. தரையில் உருண்ட பந்து அவுட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. மட்டையில் படாத பந்துக்கு யாருடைய தயவும் தேவையில்லை. வீசிய நூறு பந்தில் பதினொன்று பதினொன்றரை இப்படி ஏமாற்றினால் அது சராசரி. பதினைந்தைத் தொட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். எந்த வகைப் பந்தில் ஏமாந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எல்லா ஏமாற்றமும் ஒரே ஸ்லைடரில் என்றால் அடுத்த மாதம் எதிரணிகள் அதைத் தொடாமல் விடக் கற்றுக்கொள்ளும்.

மூன்று தருணங்களில் இன்னும் உன்னிப்பாக இருங்கள். முதலாவது, பேஸில் ஆள் நிற்கும்போது. அப்போது பிட்சர் கால் தூக்கும் அசைவைச் சுருக்கிக்கொண்டு வீச வேண்டும். மேஜர் லீகுக்குக் கீழுள்ள சின்ன லீக்குகளில் எளிதாக ஜெயித்து வந்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வேகம் குறைகிறதா, பந்து உயரே போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பேட்டிங் வரிசை இரண்டாவது, மூன்றாவது சுற்று வரும்போது. ஒரே பிட்சரை மீண்டும் மீண்டும் சந்திக்கும் பேட்டர்கள் சுற்றுக்குச் சுற்று நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்கில் நிரூபணமான விஷயம். முதல் சுற்றில் ஃபாஸ்ட்பாலால் மிரட்டியவர் இரண்டாவது சுற்றில் முதல் பந்தாக கர்வ் வீசினால், யோசித்து ஆடுகிறார் என்று பொருள். மூன்றாவது, ஏதாவது கெட்டது நடந்த பிறகு. ஹோம் ரன் கொடுத்த அடுத்த பேட்டருக்கு அவர் வீசும் முதல் மூன்று பந்துகளை நான் விடாமல் பார்ப்பேன்.

இதற்கு ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் நல்ல உதாரணம். 2010 ஜூன் 8, வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக அவருடைய முதல் ஆட்டம். நான்காவது இன்னிங்ஸில் இரண்டு ரன் ஹோம் ரன் கொடுத்தார். 21 வயதுப் பையன், நிரம்பி வழியும் மைதானம். உடைந்து போயிருக்கலாம். ஆனால் அன்று அவர் சந்தித்த கடைசி ஏழு பேட்டர்களையும் வரிசையாக ஸ்டிரைக் அவுட் செய்தார். 7 இன்னிங்ஸ், 14 ஸ்டிரைக் அவுட், ஒரு வாக்கூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும்

இப்போதுதான் அந்த ஒற்றை வரியைப் பிரிக்க வேண்டும். முதலில் வெற்றி, தோல்விக் கணக்கைத் தள்ளி வையுங்கள். தொடக்கப் பிட்சருக்கு வெற்றி எழுதப்பட வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவருடைய பேட்டர்கள் ரன் எடுத்திருக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும். இதில் பாதி அவர் கையில் இல்லை.

ஈ.ஆர்.ஏ. எனப்படும் சராசரியையும் ஒற்றை ஆட்டத்தில் நம்பாதீர்கள். பிட்சர் பொறுப்பில் வந்த ரன்களை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுப்பது அது. ஸ்கீன்ஸின் அன்றைய கணக்கு: 3 × 9 ÷ 4 = 6.75. மோசமான எண். ஆனால் அந்த மூன்று ரன் எப்படி வந்தது? நான்காவது இன்னிங்ஸில் நிகோ ஹோர்னர் அடித்த ஹோம் ரன் ஒன்று. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் இரண்டு பேர் பேஸ் ஏறியதும் ஸ்கீன்ஸை வெளியே எடுத்தார்கள். அப்போது அவருடைய அணி 6-1 என்று முன்னிலை. பிறகு வந்த மாற்றுப் பிட்சர்கள் பேஸ் நிறைந்திருக்கும்போதே வாக்மேல் வாக் கொடுத்து ரன்களை உள்ளே தள்ளினார்கள். ஸ்கீன்ஸ் விட்டுச்சென்ற அந்த இரண்டு பேரும் ஹோம் பேஸ் வந்து சேர்ந்தார்கள். விதிப்படி இரண்டு ரன்னும் அவர் கணக்கில். அவர் அப்போது களத்திலேயே இல்லை. மாற்றுப் பிட்சர்கள் அந்த இருவரையும் பேஸிலேயே நிறுத்தியிருந்தால் இதே 84 பந்துகளுக்கு ஈ.ஆர்.ஏ. 2.25 ஆகியிருக்கும்.

அப்படியானால் அன்று அவரிடம் குறையே இல்லையா? இருந்தது. 12 அவுட் எடுக்க 84 பந்து செலவழித்தார். ஒரு அவுட்டுக்கு ஏழு. ஸ்ட்ராஸ்பர்க் 94 பந்தில் 21 அவுட் எடுத்தார். ஒரு அவுட்டுக்கு நாலரை. ஸ்கீன்ஸின் வேகம் பயங்கரமானது. மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டரைத் தொட்ட அல்லது தாண்டிய பந்துகள் மட்டும் 17. எடுத்த 12 அவுட்டில் 7 ஸ்டிரைக் அவுட். ஆனால் சிக்கனம் இல்லை. ரன் கணக்கைவிட இந்த வகுத்தல் கணக்குதான் அவரைப் பற்றி உண்மை பேசியது. உங்கள் நோட்டில் பந்து எண்ணிக்கையை அவுட் எண்ணிக்கையால் வகுத்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது, ஆறைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது ஹிட்டுகள். 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் பேஸ்பால் உலகத்தை அதிர வைத்த ஒரு கருத்தை எழுதினார். ஹோம் ரன்னைத் தவிர்த்து, மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா, அவுட் ஆகுமா என்பதில் பிட்சர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். அந்தக் கருத்து பிறகு கொஞ்சம் திருத்தப்பட்டது, அடிப்படை நிற்கிறது. அப்படி விழும் பந்துகளில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று ஹிட் ஆகும். ஒரே இரவில் அது பத்துக்கு ஐந்தும் ஆகலாம், ஒன்றும் ஆகலாம். எனவே ஹிட் எண்ணிக்கையைப் பார்க்காமல் அடியின் பலத்தைப் பாருங்கள். மட்டையிலிருந்து மணிக்கு 95 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்பினால் அது பலமான அடி என்பது கணக்கு; சாவன்ட் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும். மூன்று சொத்தை ஹிட் கொடுத்தவரை மன்னித்துவிடலாம். ஃபீல்டர் நேராக நின்று பிடித்த நான்கு பலமான அடிகளைக் கொடுத்தவரைப் பற்றிக் கவலைப்படுங்கள், அவர் ரன்னே கொடுக்காவிட்டாலும்.

ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டுமா?

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த கேம் ஸ்கோரை வீட்டிலேயே போடலாம். 50-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு அவுட்டுக்கும் 1 கூட்டுங்கள். நான்காவதுக்குப் பிறகு முடித்த ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 2, ஒவ்வொரு ஸ்டிரைக் அவுட்டுக்கும் 1. ஹிட்டுக்கு 2 கழியுங்கள், பிட்சர் பொறுப்பில் வந்த ரன்னுக்கு 4, ஃபீல்டர் பிழையால் வந்த ரன்னுக்கு 2, வாக்குக்கு 1.

1998 மே 6 அன்று சிகாகோ ரிக்லி ஃபீல்டில், 20 வயது கெர்ரி வுட் தன் ஐந்தாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை எதிர்த்து வீசியதைப் போட்டுப் பாருங்கள். 9 இன்னிங்ஸ், ஒரே ஹிட், 20 ஸ்டிரைக் அவுட், ரன்னும் இல்லை, வாக்கும் இல்லை: 50 + 27 + 10 + 20 - 2 = 105. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதுவே உச்சம். ஸ்ட்ராஸ்பர்க்கின் முதல் ஆட்டம் 75. ஸ்கீன்ஸுக்கு 43, அந்த இரண்டு ரன் அவர் தலையில் விழாதிருந்தால் 51. கேம் ஸ்கோர் ஆட்டத்தின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் முதலில் நோட்டு, பிறகுதான் இந்த எண்.

எவ்வளவு நம்பலாம்?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். ஸ்ட்ராஸ்பர்க் அன்று சந்தித்த பைரேட்ஸ், அந்த ஆண்டு 105 ஆட்டங்களில் தோற்ற அணி. அதற்காக 14 ஸ்டிரைக் அவுட் பொய்யாகாது, கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போபோ ஹாலமன் 1953-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காகத் தன் முதல் தொடக்க ஆட்டத்திலேயே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார். அந்த சீசனுக்குப் பிறகு அவர் மேஜர் லீகில் ஆடவே இல்லை. அன்றைய வரியிலேயே எச்சரிக்கை இருந்தது: 5 வாக், 3 ஸ்டிரைக் அவுட்.

எதிர்ப்பக்கம் யோஷினோபு யமமோட்டோ. 2024 மார்ச் 21 அன்று சியோலில் நடந்த தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணிக்காக ஒரே இன்னிங்ஸ், 43 பந்து, 5 ரன். ஈ.ஆர்.ஏ. 45. அடுத்த ஆட்டத்தில் 5 இன்னிங்ஸ், ரன் இல்லை. மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2025-இன் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

ஒரு ஆட்டத்தில் பிட்சர் சந்திப்பது இருபது, இருபத்தைந்து பேட்டர்கள். ஸ்டிரைக் அவுட் விகிதம் நம்பத்தக்கதாக நிலைபெற ஏறத்தாழ 70 பேட்டர்கள் வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதாவது மூன்று ஆட்டம். வாக் விகிதத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். வேகமும் பந்தின் வளைவும் மட்டும் முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லிவிடும்.

ஆகவே தீர்ப்பை நான்கு வரிக்குள் எழுதுங்கள். எந்தப் பந்து வேலை செய்தது, நினைத்த இடத்தில் வீச முடிந்ததா, ஒரு அவுட்டுக்கு எத்தனை பந்து, அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும். ‘நட்சத்திரம்’, ‘தேறமாட்டார்’ என்ற இரண்டு சொற்களையும் அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். கீழே தேதி போட்டு வையுங்கள். அந்த இளைஞரின் மூன்றாவது ஆட்டத்தையும் பார்த்த பிறகு மற்றவர்களிடம் அவரைப் பற்றிப் பேசுங்கள்.