சட்டம் அறிவோம்: வாய்ப்பேச்சில் செய்த வேலைக்குப் பணம் வருமா?

மும்பையிலும் டில்லியிலும் கட்டட வேலை எடுத்துச் செய்யும் நம்மவர் பலர், வாய்ப்பேச்சை நம்பியே வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். முடித்தபின் பாக்கியைக் கேட்டால், "ஒப்பந்தப் பத்திரம் எங்கே?" என்கிறார் வீட்டுக்காரர். பத்திரம் இல்லையென்றால் வழக்கும் இல்லை என்று எண்ணிப் பணத்தைக் கைவிடுவோர் உண்டு. அப்படிக் கைவிட வேண்டியதில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஒப்பந்தம் செல்லாது என்றானாலும் 70-ஆவது பிரிவு கைகொடுக்கும். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டத்திற்கு உட்பட்டு ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். 1944-இல் வங்காளத்தின் ஆரம்பாக்கில், அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் பி.கே. மண்டல் நிறுவனம் அரசுக்குக் கட்டுமானப் பணி செய்தது. முறையான ஒப்பந்தம் இல்லை என்று வாதாடியது அரசு. கட்டியதை ஏற்றுப் பயன்படுத்தியவர் ஈடு தந்தாக வேண்டும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் வேலை நடந்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அளவுக் குறிப்பு, ஆட்கள் வருகை நோட்டு, சிமென்ட் கடை பில், முன்பணம் வந்த வங்கிக் கணக்கு ஆகியவை உதவும். உடன் வேலை செய்த கொத்தனாரும் சித்தாளும் சாட்சி சொல்லலாம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உரிய சான்றிதழுடன் அவற்றையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

பலர் ஏமாறுவது காலக்கெடுவில்தான். பணம் தரும் தேதி பேசப்படாவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல் கெடுவை நீட்டாது. கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டுத் தந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

முதலில் அளவு, ரேட், வரவு, பாக்கி ஆகியவற்றை எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலனில்லையேல் வக்கீல் நோட்டீஸ். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகினால், வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம். அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் இலவச வக்கீல் உண்டு.

அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும்போது, உறவினர் வீடானாலும், வேலை, ரேட், தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவும் கெடாது, உழைப்பும் வீண்போகாது.