பழைய செல்போனில் செயலி நின்றுபோனால்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்து மார்கழி வாக்கில் அறுவடைக்கு வரும். செடியைப் பிடுங்கிக் காட்டிலேயே காயப் போட்டிருக்கும் சமயத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டால், ஒரு போகத்தின் பாடு மண்ணோடு போய்விடும். அறுவடை செய்து உலரப் போட்ட பயிர் இவ்வாறு கெட்டால், பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் அளிக்கப்பட்ட பயிர்களுக்கு, 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் போனை எடுத்துச் செயலியைத் திறக்கும்போது, ‘உங்கள் போனில் இது இயங்காது’ என்று வந்தால் என்ன செய்வது?

போன் கெட்டுப்போகவில்லை. நேற்றுப் பேசிய போன் இன்றும் பேசும். நின்றது வேறு.

ஏன் நிற்கிறது?

டச் போன்களில் பெரும்பாலானவற்றை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஆண்ட்ராய்டு என்று பெயர். இதற்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. போன் கம்பெனிகள் விற்ற போன்களுக்குச் சில ஆண்டுகள் வரை புதிய பதிப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்திவிடுகின்றன. செயலி தயாரிப்பவர்களும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள். வாட்ஸ்அப், 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட போன்களைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் பதிப்பு, ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே உள்ள போன்களில் ஏறாது.

உளுந்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பழைய ரகம் இன்றும் முளைக்கும், பூக்கும். மஞ்சள் தேமல் நோய் வந்தால்தான் தாங்காது. அதனால் அதற்கு வல்லுநர் விதை உற்பத்தியை நிறுத்திவிட்டு, நோயைத் தாங்கும் ரகத்தைக் கொடுக்கிறார்கள். பழைய போனும் அப்படித்தான். பேசும், படம் காட்டும். புதிதாகக் கிளம்பும் வைரஸைத் தடுக்கும் மருந்து மட்டும் அதற்கு வருவதில்லை. (தேமல் நோய்க்கும் வைரஸே காரணம் என்றாலும், இரண்டுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.) ஆகவே அத்தகைய போனில் வங்கிக் கணக்கு, பணம் அனுப்பும் செயலி ஆகியவற்றை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

விதைப்புக்கு முன்பே பார்க்க வேண்டியவை

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு எண்ணும், கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியும் இருக்கும். அந்தத் தேதி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தியதாக இருந்து, ‘சிஸ்டம் அப்டேட்’ பகுதியிலும் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், கம்பெனி அந்த போனைக் கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம். அப்டேட் காத்திருந்தால் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். போனில் இடம் இல்லாமல் அது ஏறாமல் கிடப்பதும் உண்டு. திருவிழா வீடியோக்கள் நாலைந்தை அழித்தாலே இடம் கிடைக்கும். ஏற்றுவதற்கு முன்பு பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களை மெமரி கார்டுக்கோ வீட்டில் உள்ள வேறு போனுக்கோ மாற்றிவிட வேண்டும். காப்பீட்டு ரசீது எண்ணை நோட்டில் எழுதி வைப்பது மிக அவசியம்.

சில சமயம் கோளாறு இவ்வளவு பெரிதாக இராது. பேட்டரி அடியோடு இறங்கி போனில் தேதி மாறிப்போயிருந்தாலும் இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். முதலில் தேதியைச் சரிபார்க்க வேண்டும்.

செயலி இல்லாமலே முடிக்கலாம்

பயிர்ச் சேதத்தை 14447 என்ற எண்ணுக்குப் பேசியே தெரிவிக்கலாம். இதற்குப் பட்டன் போனே போதும். நோட்டில் எழுதிய ரசீது எண் கைகொடுக்கும் இடம் இதுதான். வறட்சியால் ஊர் முழுவதும் விளைச்சல் குறைந்தால் தனியாகத் தகவல் கொடுக்கத் தேவையில்லை. அது பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கான ஆதார் சரிபார்ப்பைப் பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்து முடிக்கலாம். களை வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழாதவர்களுக்காக 2023 ஜூனில் முகம் காட்டும் முறை வந்தது. இதற்குச் செயலி வேண்டும். ஆனால் ஒருவர் தம் போனிலிருந்து பக்கத்தில் உள்ள 100 விவசாயிகளுக்கு இதைச் செய்து தர வழி உண்டு. தெருவுக்கு ஒரு நல்ல போன் இருந்தால் போதும். இதற்காகக் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை.

உழவன் செயலியில் பார்க்கும் விதை, உர இருப்பு விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரிலும் கேட்டறியலாம்.

ஓ.டி.பி. எண் போனுக்கு வருவதல்ல, சிம் கார்டுக்கு வருவது. ஆதாரில் பதிந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது வேறொருவர் கைக்குப் போய்விட்டால், செயலி நிற்பதைவிடப் பெரிய தொல்லை.

செயலி நின்றவுடன் பலர் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தட்டி ஏற்றப் பார்க்கிறார்கள். பி.எம். கிசான் பெயரிலேயே போலிச் செயலிகள் இப்படிப் பரவியிருக்கின்றன. அவை போனுக்கு வரும் ஓ.டி.பி.யைத் திருடிக் கணக்கைக் காலி செய்யும். பிளே ஸ்டோர் தவிர வேறெங்கிருந்தும் ஏற்றக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பழைய போனை விலைக்கு வாங்குவோர் கேமராவையும் கண்ணாடியையும் பார்ப்பதோடு நிற்காமல், பணம் கொடுப்பதற்கு முன்பு கடையிலேயே ஆண்ட்ராய்டு எண்ணையும் அப்டேட் தேதியையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.